மூஞ்சி இல்லாத ஸ்டூடியோ

போன வருடம்வரை ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில் நின்று "கலா போட்டோ எங்கே?" என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. "மூஞ்சி இல்லாத ஸ்டூடியோ எங்கே?" என்று கேட்டால் உடனே வழி சொல்வார்கள். பஸ் ஏறிப் பசறையில் இறங்க வேண்டும், ஷுக்ரி நானாவின் போன் கடைக்கு மேல்மாடி.

அந்தப் பெயரை வைத்தவர் அங்கம்மா பெரியம்மா. அதைச் சுமந்தவள் கலாராணி.

தோட்டத்து வரிசை வீடுகளை லயம் என்போம்; கலாராணி எங்கள் லயத்துக்குக் கீழ் லயத்தில் பிறந்தவள். அவளுடைய அப்பா வீரய்யா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். நானும் அவளும் ஒரே பஸ்ஸில் பதுளைக்குப் போய் உயர்தரம் படித்தோம். இருவருக்கும் கணிதப் பிரிவு. பௌதிகவியலில் இருவருக்கும் ஒரே பெறுபேறு. இரசாயனவியல் மட்டும் அவளைக் கைவிட்டது. பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி என்னை உள்ளே எடுத்துக்கொண்டு அவளை வாசலில் நிறுத்திவிட்டது. நான் எங்கள் லயத்தின் முதல் பட்டதாரி ஆனேன். அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை, அப்பாவுக்குத் துளியும் இல்லை. கோயில் திருவிழா நோட்டீசில் என் பெயருக்குப் பின்னால் பி.எஸ்சி. என்று போடாவிட்டால் அவர் அச்சகத்துக்கே போய்விடுவார்.

கலாராணி இரண்டாம் தடவை பரீட்சை எழுதவில்லை. பதுளையில் கல்யாணப் படம் எடுக்கிற ஒருவரிடம் குடை பிடிக்கப் போனாள். மழைக்குடை அல்ல, வெளிச்சத்துக்குப் பிடிக்கிற வெள்ளைக்குடை. "படிச்ச புள்ள குடை புடிக்குது" என்று லயத்தில் பேசினார்கள். அவள் கவலைப்படவில்லை. குடைக்குப் பின்னால் நின்றே வேலையைப் பழகிக்கொண்டு, பழைய கெமரா ஒன்றையும் வாங்கிக்கொண்டு பசறையில் தனியாகக் கடை போட்டாள். அடையாள அட்டைப் படம், சடங்கு, கல்யாணம், காதுகுத்து என்று எதற்குக் கூப்பிட்டாலும் போவாள். தோட்டத்துப் பெண்கள் படத்துக்கு நின்றால் உடம்பைக் கல்லாக்கிக்கொள்வார்கள். இவள் "அக்கா, அடுப்புல பால் பொங்குது" என்பாள். அவர்கள் பதறித் திரும்பிச் சிரிக்கும்போது கிளிக்.

நிற்பவர்களைப் படம் எடுப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. பறக்கிறவன்தான் அவளுக்கு அகப்படவில்லை.

அந்தப் பறக்கிறவன் ரமேஸ் அண்ணன், அங்கம்மா பெரியம்மாவின் ஒரே மகன். கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. நான்கு வருடத்துக்கு முன் பெரியம்மா கொழுந்து எடுக்கும்போது சறுக்கி, வடிகான் தாண்டி உருண்டு, மூச்சில்லாமல் கிடந்தார். பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில் ரமேஸ் அண்ணன் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார்: அம்மா பிழைத்தால் மூன்று வருடம் பறவைக் காவடி.

பெரியம்மா பிழைத்தார். பிழைத்ததோடு முன்பைவிட இரண்டு பங்கு பேசவும் ஆரம்பித்தார்.

பறவைக் காவடி எங்கள் தோட்டத்தில் இப்படித்தான் நடக்கும். டிரக்டர் பெட்டிமேல் ஒரு நீள மரத்தைச் சீசோ மாதிரி நடுவில் தாங்கி நிறுத்துவார்கள். முன்முனையில் முதுகிலும் காலிலும் கொக்கி குத்தி ஆள் குப்புறத் தொங்குவார், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு. பின்முனையில் கயிறு. அந்தக் கயிற்றை இழுப்பவர்கள் எங்கள் தோட்டத்து இளவட்டம் ஜெயகுமாரும் அவன் கூட்டாளிகளும். இவர்கள் இழுத்தால் அவர் மேலே போவார், விட்டால் கீழே வருவார். தப்பு மேளம் அடிக்க அடிக்க, ஏறி இறங்கி, பறவைதான்.

பெரியம்மாவால் அதைப் பார்க்க முடியாது. முதல் வருடம் கொக்கியைக் கண்டதும் மயங்கி விழுந்தார். இரண்டாம் வருடம் அந்த வம்பே வேண்டாம் என்று கோயிலுக்குள் போய்க் கண்ணை மூடி உட்கார்ந்துகொண்டார். தனக்காக மகன் பறப்பதை அவர் பார்த்ததே இல்லை. படத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று கலாராணியிடம் சொல்லிவைத்தார்.

படம் வந்தது. தேர் இருந்தது, டிரக்டர் இருந்தது, ஜெயகுமாரின் அக்கா கட்டிய புதுச் சேலையின் பூவெல்லாம் எண்ணலாம்போல இருந்தது. ரமேஸ் அண்ணனின் கழுத்துக்கு மேலே மட்டும் பூசணிக்காயைத் தேய்த்துவிட்ட மாதிரி ஒரு மஞ்சள் தீற்றல்.

"என்னாடி இது?"

"ரமேஸ் அண்ணன், பெரியம்மா."

"எம்புள்ளைக்கு மூக்கு இருந்துச்சேடி!"

இரண்டாம் வருடமும் அதே கதை. அன்றைக்கு வைத்த பெயர்தான் மூஞ்சி இல்லாத ஸ்டூடியோ. காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கிற பெரட்டுக்களத்தில் பெரியம்மா ஒரு தடவை சொன்னால் போதும், மதியத்துக்குள் மூன்று டிவிசனுக்கும் போய்விடும். அதற்குப்பிறகு தோட்டத்தில் இரண்டு கல்யாணம் நடந்தது, இரண்டுக்கும் பண்டாரவளையிலிருந்து ஆள் வந்தார்கள். வீரய்யா மாமா, "கெமராவக் குடுத்துட்டு அக்காகூட கொழும்புல கார்மெண்டுக்குப் போ" என்று சொல்ல ஆரம்பித்தார்.

போன சித்திரையில் மூன்றாம் வருடம் வந்தது. கடைசிக் காவடி. திருவிழாவுக்கு முந்தின வாரம் கலாராணி பெரியம்மா வீட்டுக்குப் போனாள். நானும் கூட இருந்தேன்.

"இந்தத் தடவ மூஞ்சி வரலேன்னா நான் கெமராவ வித்துட்டுக் கொழும்புக்குப் போயிர்றேன், பெரியம்மா."

"நீ கொழும்புக்குப் போனா என்னா, கொச்சிக்குப் போனா என்னா. எனக்கு எம்புள்ள பறக்குற மூஞ்சி வேணும். இனிமே அவன் பறக்கமாட்டான்டி."

சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். 

வெளியே வந்ததும் கலாராணி என்னைப் பார்த்தாள்.

"டேய் பட்டதாரி. பதுளையில புள்ளைங்களுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறதா கேள்வி."

"ஆமா."

"எனக்கும் கொஞ்சம் படிப்பி. வா ஸ்டூடியோவுக்கு."

அவளுக்கு இருந்த சிக்கல் இதுதான். ஊர்வலம் கோயில் வாசல் வளைவுக்கு வரும்போது பொழுது சாய்ந்திருக்கும், பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறியிருக்கும். அவளுடைய பழைய கெமராவுக்கு அந்த வெளிச்சத்தில் ஒரு படம் பிடிக்க அறுபதில் ஒரு செக்கன் வேண்டும். அதைவிடக் குறைத்தால் படம் கறுத்துப்போகும். ஃபிளாஷ் அடித்தால் பனியில் பட்டு, கண்ணுக்கு முன்னால் வெள்ளைத் துண்டு விரித்த மாதிரி ஆகிவிடும். அந்த அறுபதில் ஒரு செக்கனுக்குள் முகம் நகர்ந்தால் தீற்றல், நகராவிட்டால் முகம்.

"அப்ப நமக்குத் தெரியவேண்டியது ஒன்னுதான். அவரு எந்த இடத்துல என்னா வேகத்துல போறாரு?" என்றேன்.

"அதத்தான் ரெண்டு வருஷமா கேக்குறேன். ஆளில்லாமச் சுவத்தக் கேட்டேன்."

போன வருடம் ஜெயகுமாரின் அக்கா போனில் எடுத்த வீடியோவை அவன் முகநூலில் போட்டிருந்தான். அதைக் கம்பியூட்டரில் ஓடவிட்டு, படம் படமாக நிறுத்தி, ரமேஸ் அண்ணனின் தலை எந்த உயரத்தில் இருக்கிறது என்று ஒரு பழைய கலண்டர் தாளின் பின்பக்கம் புள்ளி வைத்தோம். புள்ளிகளைச் சேர்த்ததும் கலாராணி சிரித்தாள்.

"சைன் வளையி!"

கொஞ்சம் கோணல்தான், ஜெயகுமார் கூட்டம் பாடப்புத்தகத்துக்காகக் கயிறு இழுக்கிறதில்லை. ஆனால் சைன் வளையிதான். மேலே ஒரு மலை, கீழே ஒரு பள்ளம், மறுபடி மலை. எங்கள் ரோட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படியோ அப்படி.

"வேகம்னா இந்த வளையியோட படித்திறன். எங்க செங்குத்தா ஏறுதோ அங்க வேகம் கூட. எங்க தட்டையா இருக்கோ..."

"அங்க சைபர்," என்றாள். "உச்சியில தட்டை. அடியிலயும் தட்டை. நடுவுலதான் செங்குத்து." பென்சிலை நடுவில் குத்தினாள். "நான் ரெண்டு வருஷமும் இங்கதான் எடுத்திருக்கேன். அவரு என் கண்ணு மட்டத்துக்கு வர்றப்ப அமத்துனேன். அதுதான் அழகா இருக்கும்னு நெனச்சேன்."

பாவம், அது யாருக்கும் வரக்கூடிய ஆசைதான். முகம் நேருக்கு நேர் வருகிற இடம் நடுப்புள்ளி. ஊஞ்சலோ ஊசலோ காவடியோ, எது ஆடினாலும் அது தலைதெறிக்க ஓடுகிற இடமும் அதே நடுப்புள்ளிதான்.

கணக்குப் போட்டோம். நடுவிலிருந்து மேலே ஒரு மீற்றர், கீழே ஒரு மீற்றர், ஆக வீச்சம் ஒரு மீற்றர். ஒருமுறை ஏறி இறங்க இரண்டு செக்கன். நடுவில் வேகம் செக்கனுக்கு மூன்று மீற்றருக்குக் கொஞ்சம் மேலே. அறுபதில் ஒரு செக்கனில் ஐந்து சென்ரிமீற்றர் போய்விடுவார், அதாவது நெற்றியில் வைத்த பொட்டு மூக்குவரை இழுபடும். பழைய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். பொட்டு அப்படியே மூக்குவரை இழுபட்டிருந்தது. அவருடைய வேகத்தை அவர் முகத்திலேயே அளந்துகொள்ளலாம்போல இருந்தது. உச்சியிலோ, அதே நேரத்துக்குள் ஒரு மில்லிமீற்றர்கூட நகரமாட்டார்.

"அந்தரத்துல நின்னுட்டுப் போறாரு," என்றாள் கலாராணி. "நான்தான் பாக்கல."

அடியில் எடுக்க முடியாது, கூட்டத்தின் தலைகள் மறைக்கும். உச்சியில்தான் எடுக்க வேண்டும். கோயில் வளைவில் சீமெந்து மயில் ஒன்று உண்டு. எதிரே தண்ணீர்த் தொட்டிச் சுவரில் ஏறி நின்றால், வீடியோவில் அவர் உச்சிக்கு வருகிற இடம் அந்த மயில் தலைக்கு நேராக வரும்.

திருவிழாவுக்கு முதல் நாள் ஒத்திகை வைத்தோம். ரமேஸ் அண்ணன் இன்னும் கொழும்பிலிருந்து வந்து சேரவில்லை. அவருக்குப் பதில் ஒரு உர மூட்டை. கலாராணி அதில் காகிதம் ஒட்டி, மீசை, பொட்டு எல்லாம் வரைந்தாள். ஜெயகுமாரும் கூட்டாளிகளும் மரத்தை ஆட்ட வந்தார்கள்.

"ரமேஸ் அண்ணன் கொழும்புச் சாப்பாட்டுல நல்லா ஊதிட்டாரு," என்றான் ஜெயகுமார், மூட்டையைத் தட்டி.

"பேசாம இழுடா."

"மூட்டைக்கெல்லாம் அரோகரா போடணுமா, கலா?"

"இழுக்கப் போறியா, இல்ல ஒன்னயக் கட்டித் தொங்கவிடவா?"

இழுத்தார்கள். மூட்டை சோம்பலாக ஏறியது, மயில் தலைக்கு நேராக ஒரு கணம் நின்றது, இறங்கியது. கலாராணி மயில்மேல் கெமராவைக் குறிவைத்து, மூட்டை அங்கே வந்ததும் அமத்தினாள். மீசையில் அவள் வரைந்த ஒவ்வொரு கோடும் தெரிந்தது. நான் கைதட்டினேன். ஜெயகுமார் தன் போனில் அந்தப் படத்தை வாங்கி "எங்கள் புதிய காவடி" என்று முகநூலில் போட்டான்.

மறுநாள் ரமேஸ் அண்ணன் வந்திறங்கியதும் முதலில் பார்த்தது அந்த மூட்டையைத்தான். "என்னவிட மீசை நல்லா இருக்கு," என்றார்.

பொழுது சாய்ந்தது. எதிர்பார்த்த மாதிரியே பனி ஏறியது. ஆற்றங்கரையில் கொக்கி குத்தி, ஊர்வலம் புறப்பட்டு, தப்பு முழங்க டிரக்டர் மேலே வந்தது. பெரியம்மா வழக்கம்போலக் கோயிலுக்குள் போய், அம்மனுக்கு நேரே உட்கார்ந்து கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். உள்ளே போகுமுன் தொட்டிச் சுவரில் நிற்கிற கலாராணியை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

வளைவுக்கு முன்னால் டிரக்டர் நிற்கும். அங்கே கொஞ்ச நேரம் ஆட்டிவிட்டுக் காவடியை இறக்கிவிடுவார்கள். எங்களுக்கு இருந்தது அந்தக் கொஞ்ச நேரம்தான். கலாராணி மயில் தலையைக் குறிவைத்தாள். நான் பக்கத்தில் குடை பிடித்தேன், இந்தத் தடவை மழைக்குடை.

ரமேஸ் அண்ணன் ஏறினார். மயில் தலைக்கு வந்தார். கிளிக்.

கெமராவைத் திருப்பிப் பார்த்தாள். பூசணிக்காய்.

"கை ஆடியிருக்கும். மறுபடி எடு," என்றேன்.

கிளிக். பூசணிக்காய். இன்னொன்று, அதுவும் பூசணிக்காய். நேற்று மூட்டை அசையாமல் நின்ற அதே இடம், அதே கெமரா, அதே அறுபதில் ஒன்று. மூட்டைக்கு மூக்கு வருகிறது, மனிதனுக்கு வரவில்லை.

"பட்டதாரி, ஒன் சைன் வளையி எங்கடா போச்சு?"

நான் மரத்தின் பின்முனையைப் பார்த்தேன். ஜெயகுமார் எங்களைப் பார்த்துவிட்டான். தொட்டிச் சுவரில் கெமரா இருப்பதைக் கண்டதும் தலையில் கட்டிய சிவப்புத் துணியைச் சரிசெய்துகொண்டு, "கெமரா! கெமரா! இழுங்கடா!" என்று கத்தினான். நான்கு பேரும் கிட்டத்தட்டத் தரையில் உட்கார்ந்துவிடுகிற அளவுக்குக் கயிற்றை இழுத்தார்கள். எங்கள் தோட்டத்தில் கெமராவைக் கண்டால் பெண்கள் கல்லாவார்கள், ஆண்கள் வீரர்களாவார்கள். எங்கள் கணக்கில் நாங்கள் சேர்க்காமல் விட்டது அதைத்தான். மூட்டைக்கு யாரும் வீரம் காட்டவில்லை.

"கலா, மயிலப் பாரு! அவரு அங்க நிக்கல, தாண்டிப் போறாரு!"

ரமேஸ் அண்ணன் மயில் தலையைத் தாண்டி, அதற்கும் மேலே, வளைவின் மின்குமிழ் வரிசைவரை போய்த்தான் திரும்பினார். வீச்சம் கூடிவிட்டது. ஒரு மீற்றராக இருந்தது ஒன்றேகால் ஆகியிருக்கும். அப்படியானால் நேற்றைய உச்சி இன்றைக்கு உச்சியே இல்லை, போகிற வழி. வேகம் வேண்டுமானால் வீச்சத்தின் வர்க்கத்திலிருந்து இடப்பெயர்ச்சியின் வர்க்கத்தைக் கழித்து, வர்க்கமூலம் எடுத்து, கோண மீடிறனால் பெருக்கு என்று வகுப்பில் நான் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். ஒன்றேகாலின் வர்க்கத்தில் ஒன்றின் வர்க்கம் போனால் மூலம் முக்கால். நேற்று நடுவில் இருந்த வேகத்தில் முக்கால் பங்கு, இன்றைக்கு மயில் தலையில்! நாங்கள் கால் மீற்றர்தானே என்று நினைக்கக்கூடிய அந்தக் கால் மீற்றருக்கு இவ்வளவு வேகம்.

"டேய், கொறைச்சு இழுங்கடா!" என்று நான் கத்தினேன்.

ஜெயகுமாருக்கு அது "நல்லா இழுங்கடா" என்று கேட்டதோ என்னவோ, கையை உயர்த்திக் காட்டிவிட்டு இன்னும் இழுத்தான். இப்போது மின்குமிழுக்கும் மேலே. ஒவ்வொரு தடவையும் உச்சி ஒவ்வொரு இடத்தில்.

"மின்குமிழுக்குக் குறி வை," என்றேன்.

"அடுத்த தடவ அதுக்கும் மேல போவாரு. அப்ப?" என்றாள். "எடத்த விடுடா. அவனுங்க எவ்வளவு இழுத்தாலும் உச்சியில வேகம் சைபர்தானே?"

"சைபர்தான். எவ்வளவு இழுத்தாலும்."

"அப்ப உச்சி எங்கன்னு எனக்கு வேணாம். எப்பன்னு சொல்லு."

எப்போது? நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அவள் என் கையைத் தட்டிவிட்டுத் தலையைச் சாய்த்தாள். தப்பு. பெரிய அடி, சின்ன அடி, பெரிய அடி, சின்ன அடி. எவ்வளவு வீரம் காட்டினாலும் ஜெயகுமார் கூட்டம் பெரிய அடிக்குத்தான் இழுக்கத் தொடங்கும். தாளம் தப்பினால் தப்புக்காரர்கள் எல்லார் முன்னாலும் திட்டுவார்கள், அந்தப் பயம் கெமராவைவிடப் பெரியது. பெரிய அடி விழும்போது அண்ணன் கீழே இருப்பார். அடுத்த பெரிய அடிக்கு மறுபடி கீழே வந்திருப்பார். அப்படியானால் இரண்டுக்கும் நடுவில்...

"சின்ன அடி," என்றாள்.

கெமராவை மயிலிலிருந்து எடுத்தாள். வளைவு முழுக்க, மரம் முழுக்க, இரண்டு முனையும் தெரிகிற மாதிரி படத்தை அகலமாக்கினாள். அவர் எவ்வளவு உயரம் போனாலும் உள்ளேதான் இருப்பார். பிறகு அவள் அவரைப் பார்க்கவில்லை. கண் கெமராக் கண்ணாடியில் இருந்தது, ஆனால் காதால்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது. பெரிசு, சின்னது. பெரிசு, சின்னது. சின்ன அடி விழுவதற்கு ஒரு மயிரிழை முன்னால் விரல் அமர்ந்தது.

பூசாரி காவடியை இறக்கச் சொல்லிக் கைகாட்டினார். கயிறு மெல்ல விடப்பட்டது. ரமேஸ் அண்ணன் கீழே வந்தார், கைகள் அவரைத் தாங்கிக்கொண்டன. மூன்று வருட நேர்த்தி முடிந்தது. கலாராணி நான்கு படம் எடுத்திருந்தாள். திரையைத் திருப்பிப் பார்க்கவில்லை.

"பாரு கலா."

"நீ பாரு. நான் பாக்கமாட்டேன்."

நான் பார்த்தேன். முதலாவது, சற்று முந்திவிட்டாள், லேசான தீற்றல். இரண்டாவதில் ஒரு குடை மறைத்தது, என்னுடைய குடைதான். மூன்றாவதில்...

"மூக்கு இருக்கு," என்றேன்.

பிடுங்கிப் பார்த்தாள். பனிக்கு நடுவே, மின்குமிழ் வரிசைக்கு மேலே, இரண்டு கையும் விரித்து ரமேஸ் அண்ணன். பொட்டு இழுபடாமல் பொட்டாகவே இருந்தது. கீழே ஆடிக்கொண்டிருந்த கூட்டம் முழுக்கக் கலங்கிப்போயிருந்தது. மரத்தின் மறுமுனையில், கயிற்றோடு தரையில் கிட்டத்தட்ட உட்கார்ந்திருந்த ஜெயகுமாரும் அதே தெளிவோடு இருந்தான், பல்லைக் கடித்து, கண் பிதுங்கி. ஒரு முனை நிற்கும்போது மறுமுனையும் நிற்கத்தானே வேண்டும். ஊரே ஓடிக்கொண்டிருந்த நேரத்தில் நின்றிருந்தவர்கள் அந்த மரத்தில் இருந்தவர்கள் மட்டும்தான்.

கலாராணி சுவரிலிருந்து குதித்துக் கோயிலுக்குள் ஓடினாள். பெரியம்மா இன்னும் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தார்.

"பெரியம்மா, கண்ணத் தொறங்க."

"எறக்கியாச்சா?"

"எறக்கியாச்சு. நல்லா இருக்காரு. கண்ணத் தொறந்து இதப் பாருங்க."

பெரியம்மா கெமராவை இரண்டு கையாலும் வாங்கினார். பக்கத்தில் கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், மறுபடி பக்கத்தில் கொண்டுபோனார். கலாராணி படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள். திரை முழுக்க முகம். வெளியே தப்பு ஓய்ந்துவிட்டது.

"வாயத் தொறந்திருக்கான்," என்றார்.

"அரோகரா சொல்றாரு, பெரியம்மா."

"அரோகரா இல்லடி. பாட்டுப் பாடுறான். பயந்தா பாடுவான். சின்னதுல கக்கூசுக்கு இருட்டுல அனுப்புனா லயம் முழுக்கக் கேக்கும்." விரலால் திரையில் மகனின் கன்னத்தைத் தடவினார். தடவியதில் படம் நகர்ந்து ஜெயகுமாரின் பல் வந்துவிட்டது. "இவன் மூஞ்சி எனக்கெதுக்கு? எம்புள்ளையத் திருப்பிக் குடு."

திருப்பிக் கொடுத்தோம். வெகுநேரம் பார்த்தார்.

அதற்குள் ரமேஸ் அண்ணன் தோளில் வேட்டியைப் போர்த்திக்கொண்டு உள்ளே வந்தார். முதுகில் திருநீறு பூசியிருந்தார்கள்.

"ஏன்டா, பயமே இல்லேன்னு மூணு வருஷமாச் சொன்ன?" என்றார் பெரியம்மா.

"இல்லம்மா, பயமெல்லாம்..."

"இந்தா இருக்கு. மூஞ்சியில எழுதியிருக்கு." கெமராவை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். "என்னா பாட்டுடா?"

ரமேஸ் அண்ணன் படத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். "மேல போறப்பவும் கீழ வர்றப்பவும் ஒன்னும் தெரியாதும்மா. உச்சியில ஒரு நிமிசம் சும்மா நிக்கும் பாருங்க, அப்பதான் வயிறு என்னமோ பண்ணும். அதுக்குப் பாடுவேன்."

"ஒரு நிமிசம் இல்ல," என்று நான் ஆரம்பித்தேன். கலாராணி என் காலை மிதித்தாள்.

அந்தப் படம் இப்போது பெரியம்மா வீட்டு முன்காம்பராவில், சாமிப் படங்களுக்கு அடுத்த ஆணியில் தொங்குகிறது. ஜெயகுமாரின் பாதியை மடித்துத்தான் சட்டம் போட்டிருக்கிறார். வருகிறவர்கள் எல்லாரும் தேத்தண்ணி குடிக்குமுன் அதைப் பார்த்தாக வேண்டும். "எனக்காகப் பறந்தான், பயந்து பயந்து பறந்தான்" என்று சொல்லும்போது பெரியம்மாவின் குரலில் இருக்கிற பெருமையைக் கேட்டால், என் அப்பா பி.எஸ்சி. என்று சொல்வது நினைவுக்கு வரும்.

ஜெயகுமார் தன் பாதியைத் தனியாகப் பெரிதாக்கிக் கேட்டிருக்கிறான். கலாராணி கொடுக்கவில்லை, "அடுத்த வருஷம் கொறைச்சு இழு, தர்றேன்" என்கிறாள். வைகாசியில் கீழ் டிவிசனில் ஒரு கல்யாணம் நடந்தது, பண்டாரவளையிலிருந்து யாரும் வரவில்லை. வீரய்யா மாமா கொழும்புப் பேச்சை எடுப்பதில்லை. ஸ்டூடியோப் படியில் யார் ஏறினாலும் "எம்மக கெமராவால பாக்குறதில்ல, காதால பாக்குது" என்கிறார்.

பெயரை மட்டும் பெரியம்மா மாற்றவில்லை. போன வாரம் பசறைக்கு வந்தவர் ஷுக்ரி நானாவின் கடை முன்னால் நின்று, மேல்மாடியைப் பார்த்துக் கத்தினார்:

"ஏ, மூஞ்சி இல்லாத ஸ்டூடியோ! எனக்கு ஐடென்டி கார்டுக்கு ஒரு போட்டோ எடுக்கணும், எறங்கி வாடி!"

"மேல ஏறி வாங்க, பெரியம்மா! அடுப்புல பால் பொங்குது!"

"யாரு அடுப்புலடி?" என்று பதறிக்கொண்டே பெரியம்மா படியேறினார்.